மார்க்கெட்டிங் கன்டென்ட் வேலையை யாரிடம் கொடுப்பது? நாமே செய்வதா, ஆள் வைப்பதா, ஏஜென்சியா, ஏஐயா?

சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்களின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள், பல பக்கங்களில் ஒரே கதைதான் இருக்கும். ஆரம்பித்த புதிதில் தினமும் ஒரு போஸ்ட், அப்புறம் வாரத்துக்கு ஒன்று, அப்புறம் ஒரு பண்டிகை வாழ்த்து, அதோடு சரி. பல மாதம் கழித்து அந்தப் பக்கத்துக்கு வருகிற புது வாடிக்கையாளர், இவர்கள் இன்னும் தொழில் நடத்துகிறார்களா, மூடிவிட்டார்களா என்று தெரியாமல் அடுத்தவரைத் தேடிப் போய்விடுகிறார். உரிமையாளரின் சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆர்டர், டெலிவரி, சம்பளம், கணக்கு, புகார் என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கும்போது எழுதுவதும் படம் எடுப்பதும் வரிசையில் கடைசியில்தான் நிற்கும், நெருக்கடி வந்தால் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

அதனால் என்ன போடுவது, எத்தனை நாளைக்கு ஒரு முறை போடுவது என்பதை எல்லாம் யோசிப்பதற்கு முன்னால், யார் செய்வது என்று முடிவு செய்துவிடுங்கள். சிறு தொழில்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை, அதாவது கீழே ஒப்பிடப் போகிற வழிகளில் ஒன்று நானே, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் நான் வைக்கிற சோதனை ஒன்றுதான்: உங்கள் வருஷத்திலேயே மிகவும் பிஸியான வாரத்தில் இந்த ஏற்பாடு நடக்குமா? நிதானமான வாரத்தில் எல்லா ஏற்பாடும் நன்றாகத்தான் நடக்கும். சீசனில், ஒரு ஆள் லீவில் போயிருக்கும்போது, ஒரு பெரிய ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும்போது, அப்போதும் வாரத்துக்கு ஒரு நல்ல போஸ்ட் வெளியே போகிறது என்றால் அந்த ஏற்பாட்டை நம்பலாம். பலர் உற்சாகமான வாரத்தை மனதில் வைத்துத் திட்டம் போடுகிறார்கள், அங்கேதான் எல்லாம் தொடங்கி அங்கேயே முடிந்தும் விடுகிறது.

நாமே செய்வது

இதில் இரண்டு விதம் உண்டு, இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஒன்று, தினமும் அன்றன்றைக்குத் தோன்றுவதைப் போடுவது. இதன் பலம் உயிரோட்டம், வேலை நடக்கிற இடத்திலிருந்து நேராக வருவதால் பார்ப்பவர்களுக்கு அது பிடிக்கும். பலவீனம் என்னவென்றால், தினமும் காலையில் ‘இன்றைக்கு என்ன போடுவது’ என்ற கேள்வியோடு எழுந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விதான் ஆளைக் களைப்பாக்குகிறது, எழுதுவது கூட அவ்வளவு இல்லை. எழுதுவதை உண்மையிலேயே ரசிக்கிறவர், கேமரா முன்னால் பேசக் கூச்சப்படாதவர் என்றால் தாராளமாக இந்த வழியில் போகலாம். மற்றவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பிஸியான வாரத்தில் இது நிச்சயம் நிற்கும்.

இரண்டாவது, மாதத்தில் ஒரு அரை நாளை ஒதுக்கி அந்த மாதத்துக்குத் தேவையானதை மொத்தமாகச் செய்து வைத்துவிடுவது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும், அவற்றை நடத்துகிற மெட்டா கம்பெனியே கொடுக்கிற மெட்டா பிசினஸ் சூட் என்ற ஆப்பில் காசில்லாமலே தேதி, நேரம் போட்டு ஷெட்யூல் செய்யலாம், யூடியூபிலும் அந்த வசதி இருக்கிறது. மாதத்துக்கு நான்கு போஸ்ட் போதும். நான்கும் உருப்படியாக இருந்தால் முப்பது வெற்றுப் போஸ்ட்டை விட அவை அதிக வேலை செய்யும்.

ஆனால் அந்த அரை நாளில் வெறுங்கையோடு உட்கார்ந்தால் ஒன்றும் வராது, கச்சாப் பொருள் முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்றால், வாடிக்கையாளர் கேட்கிற கேள்விகளில். ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்தத் துணி துவைத்தால் சுருங்குமா?’ என்று வாடிக்கையாளர் யாராவது அவரிடம் கேட்காத வாரம் இருக்காது, வாயால் பதிலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பார். அந்தப் பதிலையே அப்படியே எழுதினால் இப்படி வரும்:

‘காட்டன் துணி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். அதனால் நாங்கள் வெட்டுவதற்கு முன்னால் துணியைத் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் அளவு எடுத்து வெட்டுவோம். இதனால் ஒரு நாள் கூடுதலாக ஆகும். அவசரம் என்றால் துணியை வீட்டிலேயே நனைத்துக் காயவைத்துக் கொண்டு வாருங்கள், அந்த ஒரு நாள் மிச்சம்.’

கூடவே நனைத்த துணி கொடியில் தொங்குகிற ஒரு படம், போன் கேமராவில் எடுத்தது போதும். இதில் விளம்பர வாசகம் ஒன்று கூட இல்லை, ஆனால் படிப்பவருக்கு இவர் வேலை தெரிந்தவர் என்பது புரிந்துவிடுகிறது, டெலிவரி ஏன் ஒரு நாள் தாமதம் என்பதும் புரிகிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிகிறது. இதே கடைக்கு வெளியிலிருந்து ஒருவர் எதையும் கேட்காமல் எழுதினால் என்ன வரும்? ‘தரமே எங்கள் தாரக மந்திரம். உங்கள் திருப்தியே எங்கள் வெற்றி.’ அதை எந்தக் கடையின் பெயரிலும் போடலாம், அதனால்தான் யாருடைய மனதிலும் நிற்பதில்லை.

கேள்விகளைச் சேர்க்கப் பெரிய ஏற்பாடு வேண்டாம். வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பருக்கே நீங்கள் மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாம் அல்லவா, யாராவது நல்ல கேள்வி கேட்டால் அந்த ஆள் போன உடனே அங்கே ஒரு வாய்ஸ் நோட் போட்டுவிடுங்கள், கேள்வியும் நீங்கள் சொன்ன பதிலும். வேலைக்கு நடுவில் எடுத்த படங்களையும் அங்கேயே போடுங்கள். மாதக் கடைசியில் உட்காரும்போது அது ஒன்றைத் திறந்தால் போதும்.

உள்ளே இருக்கிற ஒருவரிடம் கொடுப்பது

கடையில் ஒரு இளைஞர் இருக்கிறார், ரீல்ஸ் எல்லாம் நன்றாக எடுப்பார், அவரிடம் விட்டுவிடலாமே என்பது அடுத்து வருகிற யோசனை. நல்ல யோசனைதான், அவருக்குத் தொழில் தெரியும், வாடிக்கையாளர்களைத் தெரியும், கச்சாப் பொருளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்.

முதலாவது நேரம். இருக்கிற வேலையோடு சேர்த்து இதையும் பார்த்துக்கொள் என்று சொன்னால் அவரும் உங்களைப் போலவே பிஸியான வாரத்தில் இதைத்தான் கைவிடுவார். வாரத்தில் இத்தனை மணி நேரம் இதற்கு, அந்த நேரத்தில் கவுன்டரில் வேறு ஆள் என்று பிரித்துக் கொடுத்தால்தான் நடக்கும்.

இரண்டாவது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. இதை நான் எந்தத் தொழில்காரரிடம் பேசினாலும் முதலில் கேட்பேன், ஏனென்றால் இது தெரியாமலேயே பலர் பல வருஷ உழைப்பை இழக்கிறார்கள். வேலைக்கு இருந்தவர் தன் சொந்த ஈமெயிலில், தன் சொந்த போன் நம்பரில் பக்கத்தைத் திறந்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போனால், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாவிட்டாலும், ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். கணக்குகளைத் தொழிலின் பெயரில் உள்ள ஈமெயிலில், உங்கள் கையில் இருக்கிற நம்பரில் திறங்கள். ஃபேஸ்புக் பக்கத்திலும் யூடியூப் சேனலிலும் பாஸ்வேர்டைக் கொடுக்காமலே இன்னொருவருக்கு வேலை செய்கிற அளவுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம், முழு உரிமை உங்களிடமே இருக்கும். ஏஜென்சிக்கும், தனி ஆளாக வெளியிலிருந்து வேலை செய்து கொடுக்கிற ஃப்ரீலான்சருக்கும் இதே விதிதான்.

ஃப்ரீலான்சர்

என் பக்கம் இது. நன்றாக நடப்பதற்கும் சொதப்புவதற்கும் காரணம் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ‘நீங்களே பார்த்து ஏதாவது நல்லதாகப் போடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறவருக்கு எவ்வளவு நன்றாக எழுதுகிறவரும் தாரக மந்திரம் மாதிரியான வரிகளைத்தான் எழுதிக் கொடுக்க முடியும், அவர் கையில் வேறு சரக்கு இல்லை. மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் போனில் பேசுகிறவருக்கு, இந்த மாதம் எந்த வேலை சிக்கலாக இருந்தது, யார் எதற்காகக் கோபப்பட்டார்கள், எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள் என்று சொல்கிறவருக்கு, அந்த ஒரு உரையாடலிலிருந்தே ஒரு மாதத்துக்குத் தேவையானது கிடைத்துவிடும். பேச்சைப் பதிவு செய்துகொள்வதும் நல்லது, உங்கள் வார்த்தைகள் அப்படியே இருக்கும், எழுதுகிறவரின் அலங்காரம் குறையும்.

பிஸியான வாரச் சோதனையில் இந்த வழி நன்றாகவே தேறும், உங்களிடமிருந்து மாதத்துக்கு அரை மணி நேரம் மட்டும்தான் அதற்குத் தேவை. ஆனால் எழுதுகிறவரும் தனி ஆள், அவருக்கும் உடம்புக்கு முடியாமல் போகும், வேறு பெரிய வேலை வரும். அதனால் எப்போதும் இரண்டு வாரத்துக்கானது ஷெட்யூலில் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, முடித்த படத்தை மட்டும் வாங்காமல் கேன்வா மாதிரியான டிசைன் ஆப்பில் செய்த மூல ஃபைல், எடிட் செய்யாத வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி வையுங்கள். ஆள் மாறினாலும் வேலை தொடரும்.

ஏஜென்சி

ஏஜென்சி என்றால் டிசைனர், எழுதுகிறவர், விளம்பரம் பார்க்கிறவர் என்று ஒரு குழு. ஒருவர் லீவு போட்டாலும் வேலை நிற்காது, தொடர்ச்சி என்ற ஒரு விஷயத்தில் மற்ற எல்லா வழிகளையும் விட இதுதான் உறுதி. காசு கொடுத்து விளம்பரம் ஓட்டுகிறீர்கள், அதற்கான பட்ஜெட் மாதாமாதம் இருக்கிறது என்றால் ஏஜென்சிக்குக் கொடுக்கிற காசில் அர்த்தம் உண்டு, யாருக்குக் காட்டுவது, எதை நிறுத்துவது என்று நாளுக்கு நாள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது.

விளம்பரம் இல்லாமல் மாதம் பன்னிரண்டு போஸ்டர் என்று ஒரு பேக்கேஜ் வாங்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. சின்ன பேக்கேஜுக்குச் சின்ன நேரம்தான் ஒதுக்குவார்கள், அது அவர்கள் தப்பும் இல்லை. அதில் பாதி பண்டிகை வாழ்த்தாக வரும், பின்னணியில் உங்கள் லோகோ. ஒரே டெம்ப்ளேட்டில் இன்னொருவரின் லோகோவும் அதே நாளில் போயிருக்கும். பக்கம் உயிரோடு இருப்பதாகத் தெரியும், உண்மைதான், ஆனால் அதைப் பார்த்து யாரும் உங்களைத் தேடி வரப் போவதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விளம்பரக் கணக்கு யார் பெயரில் என்று கேளுங்கள். அது உங்கள் பெயரில் இருந்தால்தான், பிரிந்து போகும் நாளில் இதுவரை எந்த விளம்பரம் வேலை செய்தது என்ற விவரம் உங்களிடம் இருக்கும்.

ஏஐ

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. நானும் தினமும் பயன்படுத்துகிறேன், எதற்கு என்று பிரித்துச் சொல்கிறேன். வாய்ஸ் நோட்டை எழுத்தாக்க, நீளமாக எழுதியதைச் சுருக்க, ஒரே விஷயத்தை இன்ஸ்டாகிராமுக்கு ஒரு விதமாகவும் ஈமெயிலுக்கு ஒரு விதமாகவும் மாற்ற, தலைப்புக்கு நாலைந்து யோசனை கேட்க, இதற்கெல்லாம் அருமை. மாதத்தில் ஒரு அரை நாள் என்று சொன்னேனே, அதையும் பாதியாகக் குறைத்துவிடும்.

‘என் கடைக்கு முப்பது போஸ்ட் எழுதிக் கொடு’ என்று கேட்டால்தான் பிரச்சினை. அதற்கு உங்கள் கடையைத் தெரியாது, அதனால் எல்லாக் கடைக்கும் பொருந்துவதைக் கொடுக்கும், சில நேரம் இல்லாததையும் சேர்த்துவிடும். நீங்கள் தராத வாரண்டி, உங்களிடம் இல்லாத அனுபவ வருஷக் கணக்கு, பொருளுக்கு இல்லாத குணம் என்று எதுவும் வரலாம், அதை நம்பி வாங்கியவர் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வெப்சைட்டுக்குக் கட்டுரை கட்டுரையாக இப்படிக் கொட்டுவதும் வேண்டாம். ஏஐ எழுதியது என்பதற்காக மட்டும் கூகுள் எதையும் ஒதுக்குவதில்லை, பயன் இருக்கிறதா என்றுதான் பார்ப்பதாக 2023 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. ஆனால் தேடலில் இடம் பிடிப்பதற்காக மட்டும் பயனில்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் ஸ்பாம் விதிகளுக்குள் கொண்டுவந்தது, அதை எழுதியது மனிதனா, மெஷினா என்ற கணக்கு அதில் இல்லை.

ஆகவே இது தனி வழி என்பதை விட மற்ற வழிகளில் எதை எடுத்தாலும் கூட வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு உதவியாள். பெயர், விலை, அளவு, தேதி, வாக்குறுதி ஆகிய ஐந்தையும் மட்டும் போடுவதற்கு முன்னால் ஒரு மனிதர் சரிபார்க்க வேண்டும்.

எங்கே போடுவது

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம், ஒரு கணக்கு தெரிந்தால் போதும். போட்டது எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். சாதாரணப் போஸ்ட் அதற்குக் கொஞ்சம் மேல், புதிதாக வருவது அதைக் கீழே தள்ளிவிடும். வெப்சைட்டில் எழுதிய பக்கமும் யூடியூப் வீடியோவும் தேடலில் கிடைப்பதால் வருஷக் கணக்கில் ஆட்களைக் கொண்டுவரும். ஆயுள் குறைவான இடங்களில் மட்டும் இருந்தால் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் சிறு தொழிலுக்கு நீண்ட ஆயுள் உள்ளது ஒன்று, குறைந்த ஆயுள் உள்ளது ஒன்று, இந்த இரண்டு போதும். நேரில் வந்து வாங்குகிற தொழில் என்றால் இவற்றுக்கும் முன்னால் கூகுளிலும் மேப்பிலும் உங்கள் கடையைத் தேடினால் வருகிற கூகுள் பிசினஸ் புரொஃபைலில் நேரம், நம்பர், படங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பை நம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும், அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். பில் கொடுக்கும்போதே ‘எங்கள் நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்லாமல் லிஸ்ட்டை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அப்புறம், எல்லா முட்டைகளையும் அடுத்தவர் கூடையில் வைக்க வேண்டாம். வைன் என்ற குட்டி வீடியோ ஆப் 2017ல் போனது, ஃபேஸ்புக் மாதிரி கூகுள் நடத்திய கூகுள் பிளஸ் 2019ல் சாதாரணப் பயனாளர்களுக்கு மூடப்பட்டது, 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தபோது தொழில் பக்கங்களின் பதிவுகள் நியூஸ்ஃபீடில் பின்னால் போயின. அனுமதி வாங்கிச் சேர்த்த ஈமெயில்களும் நம்பர்களும் மட்டும்தான் எது மூடினாலும் உங்களோடு இருக்கும்.

அப்படியானால் எதை எடுப்பது

தனி ஆளாக நடத்துகிறவர், காசை விட நேரத்தைக் கொஞ்சம் ஒதுக்க முடிகிறவர் என்றால் மாதத்துக்கு ஒரு அரை நாள், கூட ஏஐ. இதை மூன்று மாதம் செய்து பார்க்காமல் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், ஏனென்றால் உங்கள் வாடிக்கையாளருக்கு எது பிடிக்கிறது என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வருகிறவருக்குச் சொல்ல முடியும்.

நேரமே இல்லை, வருமானம் ஓரளவு சீராக இருக்கிறது என்றால் ஃப்ரீலான்சர், அந்த அரை மணி நேரப் பேச்சை மட்டும் விடாமல். கடையிலேயே ஆர்வமுள்ள ஒருவர் இருந்தால் படமும் வீடியோவும் அவர் எடுக்கட்டும், எழுத்தும் எடிட்டிங்கும் வெளியே போகட்டும். நான் பார்த்ததில் அதிக நாள் நிற்பது இந்தக் கலவைதான், உள்ளே இருப்பவரிடம் சரக்கு இருக்கிறது, வெளியே இருப்பவரிடம் நேரம் இருக்கிறது. ஏஜென்சியை விளம்பரத்துக்குக் காசு ஒதுக்குகிற கட்டத்தில் யோசித்தால் போதும்.

தினமும் போடுகிறவர்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அமெரிக்காவில் ஜான் டியர் கம்பெனி 1895ல் விவசாயிகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கியது, அப்போது அவர்கள் டிராக்டர் விற்கவில்லை, கலப்பையும் மற்ற விவசாயக் கருவிகளும்தான். பத்திரிகை முழுக்க விவசாயம் சம்பந்தப்பட்ட விஷயங்கள், அது இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பெரிய கம்பெனியே தினமும் வராத ஒன்றை வைத்துத்தான் நூறு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளரோடு பேசுகிறது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க லைக்கை எண்ண வேண்டாம், அதில் பாதி நண்பர்களும் அதே தொழிலில் இருப்பவர்களும் போடுவது. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ‘எங்களை எப்படித் தெரியும்?’ என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். சில மாதத்தில் எந்தப் போஸ்ட்டைப் பற்றி ஆட்கள் பேசுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும், அடுத்த மாதம் அந்த மாதிரி இன்னும் இரண்டு செய்யலாம்.

வெளியே கொடுப்பது என்று முடிவு செய்தவர்கள் வருஷ ஒப்பந்தத்தில் நேராகப் போய் விழாமல், ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் அரை மணி நேரப் பேச்சு ஒன்றைப் பதிவு செய்து இரண்டு பேரிடம் கொடுங்கள், இரண்டு பேருக்கும் காசு கொடுத்தே மூன்று போஸ்ட் எழுதித் தரச் சொல்லுங்கள். வந்ததும் உங்கள் பெயரையும் லோகோவையும் மறைத்துவிட்டு, நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் காட்டுங்கள். இது நீங்கள் பேசுவது மாதிரியே இருக்கிறதே என்று அவர் எதைச் சொல்கிறாரோ, அதை எழுதியவரிடம் முதல் மூன்று மாத வேலையைக் கொடுங்கள்.